கங்காணி கூப்பிடாமல் வந்தவர்கள்

அன்புள்ள யமுனா,

கம்போங் ராஜா ஊரில் உன் சித்தப்பா வீட்டு முன்னறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவனும் சித்தியும் காலையிலேயே பூத்தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். மேசைமேல் ஒரு பிளாஸ்க் நிறையத் தேநீரும், தட்டு போட்டு மூடிய வடையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வசதிக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் பெற்ற மகளே தகப்பனைத் தோட்டத்தை விட்டு நாடுகடத்தியது நம் மலையில் இதுதான் முதல் தடவையாக இருக்கும் என்று நேற்றெல்லாம் சித்தப்பா சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நீ உன் ஆட்களோடும் கருவிகளோடும் வந்து தோட்டத்து மண்டபத்தில் எல்லோருடைய காதையும் சோதிக்கும் நாட்களில் நான் அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்று நீ சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது உண்மைதான். இரண்டு நாள் உன் அம்மாவிடம்கூடச் சரியாகப் பேசவில்லை. இப்போது அது போய்விட்டது. போனதற்குக் காரணம் வடை என்று நினைத்துக்கொள்ளாதே.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நம் வீட்டில் போனில் யார் எதைச் சொல்லி முடித்திருக்கிறோம்? 'சாப்பிட்டியா' என்று நான் கேட்பதற்குள் உன் அம்மா வாங்கிக்கொள்வாள். அதோடு, சில விஷயங்களை நேரில் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதும்போது அந்த வெட்கம் இல்லை.

நம் வீடு கத்துகிற வீடு. கங்காணி ஆவதற்கு முன்னால் பல வருடம் நான் கொழுந்து வெட்டும் மெஷினைத் தூக்கியவன். தேயிலை வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். இன்ஜின் காதுக்குப் பக்கத்திலேயே அலறும். அதை இறக்கிவைத்து வீட்டுக்கு வந்த பிறகும் அதே குரலில்தான் பேசுவோம். உன் அம்மாவும் எனக்குக் கேட்க வேண்டுமே என்று கத்திப் பழகினாள். நீ பிறந்து வளர்ந்ததும் அந்தச் சத்தத்துக்குள்தான். பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஆறாம் படிவம் படிக்க ஈப்போ விடுதிக்குப் போனாயே, அங்கே உன் அறைத் தோழி, "ஏன் யமுனா எப்பவும் சண்டை போடற மாதிரியே பேசற?" என்று கேட்டாளாம். அந்த விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது நீ எங்களையே புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாய். சாப்பிடும்போது கேட்டாய்.

"அப்பா, டிவியை ஏன் இவ்வளவு சத்தமா வெச்சிருக்கீங்க?"

"என்னது?"

"டிவி, டிவி!"

"டீயா? போடச் சொல்லு. எனக்கும் ஒண்ணு."

உன் அம்மா சிரித்ததில் புரையேறி, தண்ணீர் கொடுத்துத் தலையில் தட்ட வேண்டியதாகிவிட்டது. நீயும் சிரித்தாய். ஆனால் சிரித்து முடித்த பிறகும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். அடுத்த வருடம் பல்கலைக்கழகத்தில் காது சம்பந்தமான படிப்பைத்தான் எடுப்பேன் என்று நீ ஒற்றைக் காலில் நின்றபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. என் மகள் காது டாக்டருக்குப் படிக்கிறாள் என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொன்னேன். "டாக்டர் இல்லப்பா, ஆடியோலஜிஸ்ட்" என்று ஒவ்வொரு தடவையும் திருத்துவாய். பிறகு நீ முனைவர் பட்டம் வாங்கி, பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகி, உன் பேருக்கு முன்னால் டாக்டர் என்று அவர்களே போட்டுவிட்டார்கள். கடைசியில் யார் சொன்னது சரியாகப் போயிற்று?

விரிவுரையாளர் ஆகிவிட்டால் வகுப்பில் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஆராய்ச்சி செய்ய வேண்டும், அதற்கு மானியம் கேட்டு எழுத வேண்டும், எழுதியதை முகம் தெரியாத பேராசிரியர்கள் படித்துப் பார்த்துக் குறை சொல்வார்கள், மானியம் எதுவும் கிடைக்காவிட்டால் ஒப்பந்த வேலையே நீடிக்காமல் போகலாம் என்பதெல்லாம் நீ சொல்லித்தான் தெரியும். நீ முதல் தடவை எழுதியது எனக்கு நினைவிருக்கிறது. தேயிலைத் தோட்டங்களில் மெஷின் பிடிப்பவர்களின் செவித்திறனை அளக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். மாதக்கணக்கில் எழுதினாய். வேண்டாம் என்று பதில் வந்தது. நீ வீட்டுக்கு வந்து, பையைக்கூடத் திறக்காமல் படுத்துவிட்டாய். சிங்கப்பூரில் காது மெஷின் விற்கும் கம்பெனி ஒன்று உன்னைக் கூப்பிடுகிறது, போய்விடலாமா என்று யோசிப்பதாக மறுநாள் சொன்னாய்.

"அப்படி என்னதான்டி எழுதியிருக்காங்க?" என்று உன் அம்மா கேட்டாள்.

"சத்தத்துல வேலை செஞ்சா காது மந்தமாகும்னு ஏற்கனவே எல்லாருக்கும் தெரியுமாம். இதுல புதுசா என்ன கண்டுபிடிக்கப்போறேன்னு கேட்டிருக்காங்கம்மா."

"யாருடி அவரு? இங்க வரச் சொல்லு. உங்கப்பாகிட்ட ஒரு மணி நேரம் பேசிப் பாக்கட்டும்லா!"

வாயில் சோறோடு நீ சிரித்தாய். அந்த இரண்டு நாளில் நீ சிரித்தது அப்போதுதான். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அவங்க கேட்டதுல ஒரு நியாயம் இருக்கும்மா" என்றாய். உன்னை நான் பெரிதாக மதிக்கத் தொடங்கியது அந்த நிமிடத்தில்தான். எனக்கு யாராவது குறை சொன்னால் சொன்னவனின் குறையைத் தேடுவேன். நீ அப்படிச் செய்யவில்லை.

மறுநாள் காலை சும்மா என்னோடு மலைக்கு வந்தாய். அது என் வேலையின் கடைசி வருடம். மேல் சரிவில் சரவணனும் நேப்பாளத்துக்காரர் பகதூரும் ஒரு மெஷினைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நீ பாதையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். திடீரென்று பகதூர் கத்தினார். செடிக்குள் குளவிக் கூடு. சரவணனுக்குக் கேட்கவே இல்லை. தலையைக் குனிந்தபடி நடந்து போய் நேராகக் கூட்டில் மோதினான். பிறகு இரண்டு பேரும் மெஷினைப் போட்டுவிட்டு ஓடி வந்த வேகத்தை நீ மறந்திருக்க மாட்டாய். கிளினிக்கில் ஊசி போட்டு, மருந்து தடவி, பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு சரவணன் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னா யமுனா, ஆவியில வெச்ச பாவ் மாதிரி வீங்கிருச்சு" என்று தானே சிரித்தான். நீ அப்போது அவனிடம் ஒன்று கேட்டாய்.

"காதுல மாட்டிக்க மூடி கொடுத்திருக்காங்களே, ஏன் யாரும் போடறதில்ல?"

"போட்டா இன்னும் கேக்காது யமுனா. இப்பவாச்சும் பாதி கேக்குது. கூட்டாளி கத்தறது காதுல விழலன்னா எப்படி?"

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நான் பேசியது உன் காதில் விழவில்லை. அன்றைக்கு நம் இருவரில் யாருக்குக் காது மந்தம் என்று சொல்வது கஷ்டம். மத்தியானமே மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தாய். காது எவ்வளவு கெட்டிருக்கிறது என்பது கேள்வியே இல்லை என்றாய். மெஷின் சத்தத்துக்குள் ஆபத்து என்று கூட்டாளி சொல்வது எப்படிப் போய்ச் சேரும், காதையும் காப்பாற்றி ஆளையும் காப்பாற்ற என்ன வழி, கை ஜாடை போதுமா, எப்படிப்பட்ட காது மூடியைத் தொழிலாளிகள் வேண்டாமென்று கழற்றிப் போடாமல் மாட்டிக்கொள்வார்கள், இதுதான் கேள்வி என்றாய். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் சிங்கப்பூர்ப் பேச்சை அதற்குப் பிறகு நீ எடுக்கவே இல்லை. அது முழுதாகப் புரிந்தது.

இரண்டாவது விண்ணப்பத்தைப் படித்துவிட்டு நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அதற்கு முந்தின வாரக் கடைசியில் நீ வந்து, நம் வீட்டிலேயே பேசிப் பார்க்கப்போகிறேன் என்றாய். நான், உன் அம்மா, பக்கத்து வீட்டு செல்வி மூவரும்தான் நிபுணர் குழு. செல்வி சரவணனின் மனைவி என்பதால் அவளுக்கும் இதில் பாத்தியதை உண்டு என்று அம்மா முடிவு செய்தாள். தான்தான் தலைவர் என்றும் அவளே முடிவு செய்து, நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நீ சுவரில் படம் காட்டிப் பேசினாய். பேசி முடித்ததும் தலைவர், "நல்லா இருக்கு. ஆனா கொஞ்சம் இளைச்சிட்ட" என்று கருத்துச் சொன்னார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம், செல்வியைத் தவிர.

"யமுனா, நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் அவள். "காது கேக்கலன்னு நீ கண்டுபிடிச்சிட்டா, அவரை மெஷின் வேலையிலேருந்து எடுத்துருவாங்களா?"

"இல்லக்கா. யாரோட ரிசல்ட்டும் வெளிய போகாது. அதை எழுதியிருக்கேன்."

"அது நீ எழுதினது. துரைக்குத் தெரியுமா? பகதூர்லாம் பெர்மிட்ல வந்தவங்க. வேலை போனா ஊருக்குத்தான் போகணும்."

நீ சுவரில் தெரிந்த படத்தைத் திரும்பிப் பார்த்தாய். ரகசியம் காக்கப்படும் என்று அதிலும் ஒரு வரி இருந்தது. ஆனால் எதிரில் உட்கார்ந்து கேட்கிற ஒருத்திக்கு அந்த ஒரு வரி போதவில்லை. எனக்குத்தான் வழக்கம்போல் கை துறுதுறுத்தது. "துரைகிட்ட நான் பேசிடறேன்" என்றேன். "வேணாம்ப்பா. என்னோட ஆராய்ச்சி, நானே போறேன்" என்றாய்.

திங்கட்கிழமை நீ தோட்டத்து மேனேஜரான துரையைப் பார்க்க ஆபீசுக்குள் போனபோது நான் கீழே சாலை ஓரத்தில் கால்வாய் அடைப்பைப் பார்ப்பதுபோல் நின்றிருந்தேன். அந்தக் கால்வாயில் ஓர் அடைப்பும் இல்லை. உள்ளே என்ன நடந்தது என்று பிறகு நீயே சொன்னாய். துரை நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கும் ஒரு கவலை. காது கேட்காத ஆளைத் தெரியாமல் சரிவில் அனுப்பி ஏதாவது ஆகிவிட்டால் தான் பதில் சொல்ல வேண்டுமே, அதனால் யார் யார் என்று தனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றார். நீ சண்டை போடவில்லை. வேலை போகும் என்ற பயம் இருக்கும்வரை ஒருவரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், பயம் இல்லை என்றால் அவர்களே உங்களிடம் வந்து சொல்வார்கள் என்று எடுத்துச் சொன்னாய். அவர் நேரம் எடுத்து யோசித்தார். பிறகு, சோதனை முடிவு அந்தந்தத் தொழிலாளிக்கு மட்டும்தான், நிர்வாகத்துக்கு மொத்தக் கணக்கு மட்டும்தான், காதைக் காரணம் காட்டி யாரையும் நிறுத்த மாட்டோம், வேறு வேலை கொடுத்தாலும் சம்பளம் குறையாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நீ படியிறங்கி வரும்போதே இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினாய். நான் கால்வாயை மறந்து நடு ரோட்டில் நின்று கையைத் தூக்கினேன். பின்னால் வந்த காய்கறி லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்ததாம். எனக்குக் கேட்டால்தானே.

நேர்காணல் முடிவு வந்த நாளை நினைத்தால் இப்போதும் தனியாகச் சிரிக்கிறேன். திரிங்காப் சந்தையில் முட்டைக்கோஸ் வாங்கிக்கொண்டு நின்றேன். லாரியில் கூடை ஏற்றுகிற சத்தம். நீ கூப்பிட்டாய். அழுவதுபோல் குரல்.

"அப்பா, கிடைச்சிருச்சுப்பா!"

"என்ன கிழிஞ்சிருச்சு?"

"கிடைச்சிருச்சு! கிடைச்சிருச்சு!"

"கிழிஞ்சா பரவாயில்லம்மா, அழாத. தச்சுக்கலாம்."

நீ அந்தப் பக்கம் அழுகிறாயா சிரிக்கிறாயா என்று தெரியாமல் போனைக் கடைக்கார அம்மாவிடம் கொடுத்தேன். அந்த அம்மா கேட்டுவிட்டு என் காதுக்குள்ளேயே வந்து கத்தினார்: "அண்ணே, உங்க மகளுக்கு கிராண்ட் கிடைச்சிருச்சாம்!" எதற்கென்று தெரியாமலே லாரிக்காரர்களும் கை தட்டினார்கள். நான் வாங்க வந்ததைவிட எவ்வளவோ அதிகமாக வாங்கி, லயத்தில் வீட்டுக்கு வீடு கொடுத்தேன். அந்த வாரம் முழுக்க நம் லயத்தில் முட்டைக்கோஸ்தான் என்று செல்வி இன்னும் குறை சொல்கிறாள்.

அதற்குப் பிறகுதான் நமக்குள் அந்தத் தகராறு. முதல் ஆளாக என் காதை அளக்க வேண்டும் என்றேன். முடியாது என்றாய்.

"நீங்க என் அப்பா. உங்க காதை நானே அளந்து எழுதினா யாருப்பா நம்புவாங்க?"

"சரி, அதை விடு. மத்தவங்களை நான் கூட்டிட்டு வரேன். ஒரு வார்த்தை சொன்னாப் போதும், காலையில பெரட்டுல பேரு கூப்பிட்டா வர மாதிரி வரிசையா வந்து நிப்பாங்க."

"அதுக்குத்தாம்ப்பா பயப்படறேன்" என்றாய். "கங்காணியா இருந்த நீங்க கூப்பிட்டு வர்றவங்க, வேணாம்னு நினைச்சாலும் சொல்ல மாட்டாங்க. நீங்க அங்க நின்னாலே போதும், சொல்ல மாட்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது. என் காதை ஈப்போவில் உன்னோடு காதுப் படிப்புப் படித்த தோழியிடம் காட்டி, இந்த இரண்டு சின்னக் கருவிகளையும் மாட்டிவிட்டாய். அதற்கு நன்றி. இதை மாட்டிய பிறகுதான், உன் அம்மா அடுப்படியில் இத்தனை வருடம் முணுமுணுத்துக்கொண்டிருந்தது பாட்டு அல்ல, என்னைப் பற்றிய விமர்சனம் என்று தெரியவந்தது. ஆனால் என்னை அனுப்பிவைத்ததற்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை. நானில்லாமல் யார் வரப்போகிறார்கள் என்று பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டுதான் இங்கே வர பஸ் ஏறினேன்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்தேன். மண்டபக் கதவைத் திறந்திருப்பாய் என்று தெரியும். போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். சரவணனை ஒரு வார்த்தை கூப்பிட்டால் என்ன என்று தோன்றியது. எடுத்தேன், வைத்தேன். ஊற்றிவைத்த தேநீர் ஆறிப்போயிற்று. அப்போதுதான் உன் அம்மா கூப்பிட்டாள். அவளையும் மண்டபத்துக்குள் வரக் கூடாது என்று நீ சொல்லியிருப்பதால் நம் வீட்டு ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாளாம். மண்டபத்தில் பேசுவது அங்கே கேட்குமா என்று யோசிக்காதே. நம் ஆட்கள் பேசினால் அடுத்த மலைக்கே கேட்கும்.

"ஏங்க, ரொம்ப நேரம் ஒருத்தரும் வரலங்க" என்றாள். "எல்லாரும் கோயில் பக்கமா நின்னு வேடிக்கை பாக்கறாங்க. அப்புறம் ஆறுமுகம் அண்ணன் போனாரு."

ஆறுமுகம் அண்ணன்தான் இப்போது மெஷின் பிடிப்பவர்களில் மூத்தவர். அவர் போனால் எல்லோரும் போவார்கள். "அப்புறம்?" என்றேன்.

"இவ எல்லாத்தையும் உக்காந்து விளக்கிச் சொன்னா. அவரு கேட்டுக்கிட்டே இருந்துட்டு, எனக்கு வேணாம்மான்னுட்டாரு."

"அவ என்ன சொன்னா?"

"சரிங்க, அதனால ஒண்ணுமில்ல, டீ குடிச்சிட்டுப் போங்கன்னா. அவ்வளவுதான். ஏன்னுகூடக் கேக்கல. அவரு டீயை வாங்கிக்கிட்டு வெளிய வந்து படியில உக்காந்துட்டாரு. எல்லாரும் போய் அவரைச் சுத்திக்கிட்டாங்க. 'என்னாண்ணே, திட்டினாங்களா? பேரு எழுதிக்கிட்டாங்களா?' 'இல்லலா, டீ கொடுத்தாங்க'ன்னாரு. அதைக் கேட்டதும்தாங்க செல்வி அவ புருஷனை இழுத்துக்கிட்டுப் போனா. அடுத்து பகதூரும் அவரு கூட்டாளிங்களும். இப்ப வரிசை நம்ம வீட்டு வாசலுக்கே வந்துருச்சு!"

யமுனா, இத்தனை வருடம் காலையில் பெரட்டுக்கு நான் பெயர் கூப்பிட்டிருக்கிறேன். வேணாம் என்று ஒருவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அதை என் மேல் இருந்த மரியாதை என்றே நினைத்திருந்தேன். இன்று ஒருவர் வேணாம் என்று சொல்ல முடிந்தது. அதனால்தான் மற்றவர்கள் நம்பி வந்தார்கள். உனக்கு அறிவுரை சொல்லத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன், சொல்ல இந்த ஒன்றுதான் மிச்சம். இந்த வேலை முடிந்து, நீ இன்னும் பெரிய ஆராய்ச்சிகளுக்கு எழுதி, அவையும் கிடைத்து, உனக்குக் கீழே நிறையப் பேர் வேலை செய்யும் நாள் வரும். அப்போதும் ஆறுமுகம் அண்ணனுக்குச் சொன்ன அந்த 'சரி'யை அதே மாதிரி சொல். அவர் நாளைக்கும் வராவிட்டால் வராமலே இருக்கட்டும். டீ மட்டும் கொடு.

இனி உட்கார்ந்திருக்க முடியாது. சட்டையை மாட்டிக்கொண்டு பூத்தோட்டத்துக்குப் போகிறேன். உன் சித்தப்பா மேல் படிவரிசையில் சாமந்தி வெட்டிக்கொண்டிருப்பான். கீழே பாதையிலிருந்தே அவனுக்குக் கேட்கிற மாதிரி, "வந்துட்டாங்கடா, எல்லாரும் வந்துட்டாங்க!" என்று கத்தப்போகிறேன்.

அப்பா